புரொஜெக்டருக்கு எதிலிருந்து படம் கொடுப்பது?

புரொஜெக்டர் வாங்க நினைப்பவர்கள் மாதக்கணக்கில் யோசிப்பது இரண்டு விஷயங்களைத்தான்: எந்த மாடல், எவ்வளவு பெரிய திரை. பெட்டி வீட்டுக்கு வந்து, சுவரில் திரையை மாட்டி, நாற்காலியும் போட்ட பிறகுதான் மூன்றாவது கேள்வி வருகிறது. இதில் எதை வைத்துப் படம் ஓட்டுவது? அப்போதைக்குக் கையில் இருக்கும் பென் டிரைவையோ, ஹாலில் கிடக்கும் பழைய கேபிள் பெட்டியையோ மாட்டுவார்கள். படம் மங்கலாகத் தெரியும். புரொஜெக்டர் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் மொட்டைமாடி அறையையும் தோட்டத்துச் சாளையையும் சின்னத் தியேட்டராக மாற்றுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். புரொஜெக்டர் வெறும் அகப்பை. படம் எங்கிருந்து வருகிறதோ, அந்த சோர்ஸ்தான் சட்டி.

நம்ம ஊரில் இதைச் சரியாகச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. 1905ல் சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கியபோது படச்சுருள்களையும் சேர்த்தே வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு 1914ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கருவிக்கும் படத்துக்கும் அவர் தனித்தனியாகக் கணக்குப் போடவில்லை. நாமும் புரொஜெக்டருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே சோர்ஸுக்கு எடுத்து வைத்துவிடுவது நல்லது.

பெரிய திரையில் என்ன நடக்கிறது

43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. 100 அங்குலத் திரையின் அகலம் சுமார் 221 செ.மீ. பரப்பில் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். ஃபுல் எச்டி படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள் உண்டு. டிவியில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதே புள்ளி பெரிய திரையில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். டிவிடியில் குறுக்கே 720 புள்ளிகள் மட்டுமே, அதனால் ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலத்துக்கு விரியும். அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய விசிடி என்றால் 352 புள்ளிகள், ஒவ்வொன்றும் 6 மி.மீ. சின்ன டிவியில் நன்றாக இருந்த கல்யாண விசிடி பெரிய திரையில் முகமே தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். புரொஜெக்டர் எதையும் கெடுக்கவில்லை, உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சோர்ஸ் தேடக் கிளம்பும் முன்னால் உங்கள் புரொஜெக்டரின் சொந்தத் தெளிவுத்திறனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று போட்டிருந்தால், 4கே (ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்) சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். திரையில் விழுவது 1280x720 ஆகவோ 1920x1080 ஆகவோ இருக்கலாம். விவரக் குறிப்பில் ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் உண்மையான எண். அது 1080 என்றால் நல்ல 1080 சோர்ஸ் தேடுங்கள், 4கேக்கு என்று தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை.

பிட்ரேட்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

கோபியில் தென்னந்தோப்பு நடுவே வீடு வைத்திருக்கும் என் மாமனார் கேட்டார்: “ஏனுங்க மாப்பிள்ளை, பெட்டியில 4கேன்னு போட்டிருக்குது, அப்புறம் எதுக்கு இந்தத் தென்னமட்டையெல்லாம் கரைஞ்சு போன மாதிரி தெரியுது?” மிகச் சரியான கேள்வி. அதற்கான பதில் புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு விநாடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதில் இருக்கிறது. அதைத்தான் பிட்ரேட் என்கிறோம்.

ஃபுல் எச்டி படத்தில் ஒரு ஃப்ரேமில், அதாவது அசையாத ஒரு தனிப் படத்தில், 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் குறிக்க 24 பிட். சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃப்ரேம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 119 கோடி பிட். நெட்ஃபிளிக்ஸ் 1080 படத்துக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் 5 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 50 லட்சம் பிட். 119 கோடியை 50 லட்சத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் சுமார் 240ல் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும். மற்றதெல்லாம் கழிக்கப்படுகிறது.

எதைக் கழிப்பது? சுருக்கும் மென்பொருள் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் என்ன மாறியது என்று பார்த்து, மாறியதை மட்டும் எழுதி வைக்கிறது. இரண்டு பேர் சுவர் ஓரமாக நின்று பேசும் காட்சியில் மாறுவது உதடும் கண்ணும்தான். அங்கே 5 எம்பிபிஎஸ் தாராளம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் காற்றடிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஓலை நுனிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். கொடிவேரி அணையில் விழும் தண்ணீர் இன்னும் கடினம், முந்தைய ஃப்ரேமில் இருந்த எதுவும் அடுத்ததில் அதே இடத்தில் இருக்காது. எழுத வேண்டியது மலைபோல் குவியும், கொடுத்த இடமோ அதே அளவு. அப்போது மென்பொருள் நுணுக்கத்தை விட்டுவிட்டுக் கட்டம் கட்டமாகப் பூசிவிடும். தென்னமட்டை கரைவது அதனால்தான். தமிழ்ப் படங்களில் எத்தனை கிராமத்துக் காட்சிகள் பொள்ளாச்சியிலும் கோபியிலும் எடுக்கப்பட்டவை! நம்ம ஊர் பச்சைதான் குறைந்த பிட்ரேட்டில் முதலில் அடிபடுகிறது. எனக்கு அதுவே பெரிய ஆதங்கம்.

இன்னொரு சோதனை இருட்டு. ராத்திரிக் காட்சியில் வானம் கறுப்பிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாற வேண்டும். பிட்ரேட் போதாவிட்டால் அது படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும்.

உங்களிடம் இருக்கும் கோப்பின் பிட்ரேட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கோப்பின் அளவை ஜிபியில் எடுத்து, படம் ஓடும் மணி நேரத்தால் வகுத்து, 2.2ஆல் பெருக்குங்கள். கிடைப்பது எம்பிபிஎஸ். இரண்டரை மணி நேரப் படம் 700 எம்பி கோப்பாகக் கைமாறி வந்திருந்தால், அது வெறும் 0.6 எம்பிபிஎஸ். பெயரில் 1080 என்று இருந்தாலும் பயனில்லை. அப்படிக் கைமாறும் கோப்புகள் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள், அதுவும் பலமுறை சுருக்கப்பட்டவை. படம் எடுத்தவருக்கும் நியாயமில்லை, நீங்கள் வாங்கிய புரொஜெக்டருக்கும் நியாயமில்லை.

எல்லாச் சுருக்கமும் ஒரே தரம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிவிடி பழைய எம்பெக்-2 முறையில் எழுதப்பட்டது. புளூரேயில் பெரும்பாலும் எச்.264. 4கே படங்களில் எச்.265. புதிய முறை ஏறக்குறைய பாதி பிட்டில் அதே தரத்தைக் கொடுத்துவிடும். ஆகவே இரண்டு கோப்புகளை ஒப்பிடும்போது ஒரே முறையில் எழுதியவற்றை ஒப்பிடுங்கள்.

ஸ்டிக்கும் இணையமும்

இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமானது ஃபயர் டிவி ஸ்டிக், ஆப்பிள் டிவி போன்ற தனிக் கருவிதான். “புரொஜெக்டருக்குள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறதே, அப்புறம் எதற்கு?” என்று கேட்பீர்கள். விலை குறைந்த புரொஜெக்டர்கள் பலவற்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்களின் அங்கீகாரம் இருப்பதில்லை. அங்கீகாரம் இல்லாத கருவிக்கு அந்தச் செயலிகள் எச்டி தரத்தையே அனுப்பாது, 480 தரத்தோடு நிறுத்திவிடும். சிலவற்றில் செயலி நிறுவவே முடியாது. போனவருஷம் வாங்கிய பெட்டிக்கு இந்த வருஷம் அப்டேட் வராது என்ற தொல்லையும் உண்டு. ஸ்டிக் பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

செயலியில் எந்த பிளான் எடுத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் பேசிக் பிளான் 720 தரம், ஸ்டாண்டர்டு 1080, பிரீமியத்தில்தான் 4கே. மொபைல் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், பெரிய திரைக்கு வராது.

போனிலிருந்து ஸ்க்ரீன் மிரரிங் செய்வதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுருக்கி வந்த படத்தைப் போன் இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. பல ஓடிடி செயலிகள் மிரரிங்கில் கறுப்புத் திரையைத்தான் காட்டும். ‘காஸ்ட்’ என்பது வேறு. அதில் போன் ரிமோட் வேலை மட்டும் பார்க்கும், படத்தை ஸ்டிக்கே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். தரம் குறையாது.

இப்போது இணையம். ஃபைபர் வந்திருக்கும் டவுன் வீட்டில் கவலையில்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், சாதாரண ஃபைபர் பிளானே அதைத் தாண்டும். வேகம் ரவுட்டர் வரை வந்து, மாடி அறைக்கு வராமல் நிற்பதுதான் வழக்கமான சிக்கல். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயரை மேலே இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள், ஆனால் அது கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வலு குறையும்.

தோட்டத்து வீட்டின் கதை வேறு. காங்கேயம், தாராபுரம் பக்கம் பல தோட்டங்களில் கம்பி இணையம் வந்து சேராது, போன் டேட்டாதான். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும், 4கே என்றால் 7 ஜிபி வரை. தினசரி 2 ஜிபி பிளானில் இடைவேளைக்கு முன்பே டேட்டா தீர்ந்துவிடும். சிக்னல் குறைந்தால் செயலி சொல்லாமல் கொள்ளாமல் தரத்தை இறக்கிவிடும். படம் நிற்காது, ஆனால் மங்கும். இப்படிப்பட்ட இடத்துக்கு இணையத்தை நம்பாத சோர்ஸ்தான் சரி.

வட்டு, பென் டிரைவ், கல்யாண வீடியோ

வீட்டில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த படம் இன்றும் வட்டில்தான் இருக்கிறது. புளூரே 2006ல் வந்தது. ஒரு வட்டில் 50 ஜிபி வரை கொள்ளும், படத்துக்கு மட்டுமே 40 எம்பிபிஎஸ் வரை கொடுக்க முடியும். 2016ல் வந்த 4கே புளூரேயில் 100 ஜிபி வரை உண்டு, தகவல் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸையும் தாண்டும். ஒலியிலும் வித்தியாசம் பெரிது: ஓடிடியில் வருவது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ், வட்டில் டால்பி ட்ரூஎச்டியோ டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவோ இழப்பில்லாமல் இருக்கும். நல்ல ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே காதில் தெரியும்.

குறை என்னவென்றால், தமிழ்ப் படங்களுக்குப் புளூரே கிடைப்பது அரிது. கடைகளில் வட்டுகளும் குறைந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், வட்டு எந்தப் பகுதி நாடுகளுக்கானது என்று காட்டும் மண்டல எழுத்தைப் பார்க்க வேண்டும். புளூரேக்கு இந்தியா ‘சி’ மண்டலம். அமெரிக்க வட்டு ‘ஏ’ என்று மட்டும் இருந்தால் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே புளூரேக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆங்கிலப் படங்களை மறுபடி மறுபடி பார்க்கும் ஆசை இருந்தால் பிளேயர் வாங்குங்கள். புதுத் தமிழ்ப் படங்கள்தான் பிரதானம் என்றால் அந்தப் பணத்தை ஸ்டிக்கிலும் இணையத்திலும் போடுங்கள்.

பெரிய திரையில் எனக்கு மிகவும் பிடித்தது குடும்ப வீடியோதான். சீர், இணைப்புச் சீர் என்று விடிய விடிய நடந்த கல்யாணத்தை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்தத் திரைக்குக் கொடுத்த பணம் எல்லாம் வரவாகிவிடும். அதற்கு வீடியோகிராஃபரிடம் முதலிலேயே பேச வேண்டும். 1080 அல்லது 4கேயில், விநாடிக்கு 20 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாத கோப்பாகக் கேளுங்கள். டிவிடி போதும் என்று விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்லவே வேண்டாம், அனுப்பும்போதே கடுமையாகச் சுருங்கிவிடும். எடிட் செய்த கோப்பை ஒரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். சில வருஷம் கழித்துக் கேட்டால் ஸ்டூடியோவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பென் டிரைவைப் புரொஜெக்டரில் நேராகச் செருகும்போது இரண்டு தடங்கல்கள் வரும். டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அதில் போட முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஆனால் புரொஜெக்டர் அதைப் படிக்கிறதா என்று பார்த்துவிட்டு. இரண்டாவது, படம் ஓடும், சத்தம் வராது. டிடிஎஸ், டால்பி ஒலியைப் படிக்கும் உரிமம் அந்தப் புரொஜெக்டரில் இல்லை என்று பொருள். அதே டிரைவை லேப்டாப்பிலோ நல்ல மீடியா பிளேயரிலோ போட்டு எச்டிஎம்ஐ வழியாகக் கொடுத்தால் தீர்ந்தது.

லேப்டாப் பற்றிச் சுருக்கமாக: டிஸ்ப்ளே அமைப்பில் ‘டூப்ளிகேட்’ வைத்தால் பழைய லேப்டாப்பின் 1366x768 தரத்துக்கே புரொஜெக்டரும் இறங்கிவிடலாம். ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ வைத்து 1920x1080 தேர்ந்தெடுங்கள்.

கிரிக்கெட்டுக்கு டிடிஎச்

பத்துப் பேர் களத்தில் பாய் விரித்து மேட்ச் பார்ப்பதற்கு டிடிஎச் பெட்டிக்கு இணை இல்லை. ஓடிடியில் பந்து போடும் முன்பே பக்கத்துத் தோட்டத்தில் விசில் கேட்கும். நேரலையில் டிடிஎச் பல விநாடிகள் முன்னால் இருக்கும். எஸ்டி சேனல் 576 வரிகள்தான், அதனால் எச்டி பெட்டியும் எச்டி சேனலும் கட்டாயம். நம் எச்டி சேனல்கள் பெரும்பாலும் ‘1080i’ முறை, அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி விநாடிக்கு 50 முறை வரும். அவற்றைச் சேர்த்து முழுப் படமாக்குவது சில புரொஜெக்டர்களுக்குச் சரியாக வராது, மட்டை வீசும்போது ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். பெட்டியின் அமைப்பில் ‘1080i’, முழுப் படமாகவே அனுப்பும் ‘1080p’ இரண்டையும் போட்டுப் பார்த்து, நன்றாகத் தெரிவதையே வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும், 60க்கு மாற்றாதீர்கள்.

இரண்டு அமைப்புகள், ஒரு வயர்

சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். ஸ்டிக் வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் அனுப்பும். 60ஐ 24ஆல் சமமாகப் பிரிக்க முடியாததால் ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா நெல்வயலைக் குறுக்கே கடக்கும்போது மெல்லிய உதறல் தெரிவது அதனால். ஃபயர் டிவியில் ‘மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்’ என்றும், ஆப்பிள் டிவியில் ‘மேட்ச் கன்டென்ட்’ என்றும் ஓர் அமைப்பு இருக்கிறது. போட்டுவிடுங்கள். படம் தொடங்கும்போது திரை ஒரு கணம் கறுப்பாகும், அது கோளாறு இல்லை.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் பிரகாசத்தை மனதில் வைத்துத் தயாராகின்றன. பெரும்பாலான வீட்டு புரொஜெக்டர்கள் திரையில் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் சாதாரண புரொஜெக்டரில் எச்டிஆர் போட்டால் படம் இருண்டு கிடக்கும். ஸ்டிக்கின் அமைப்பில் எஸ்டிஆர் என்ற சாதாரண முறைக்கு மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதுவே கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

4கே வேண்டுமென்றால் சோர்ஸ், நடுவில் இருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஏவி ரிசீவர், புரொஜெக்டர் மூன்றுமே எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். ஒன்று பழசாக இருந்தாலும் படம் 1080க்கு இறங்கும், அல்லது வராது. எச்டிஎம்ஐ வயர் 5 மீட்டருக்கு மேல் போனால் 4கே சிக்னல் தடுமாறலாம். கூரையில் மாட்டும் புரொஜெக்டருக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ வயர் போடுங்கள். அதற்கு ‘சோர்ஸ்’ முனை, ‘டிஸ்ப்ளே’ முனை என்று திசை உண்டு. சுவருக்குள் பதிக்கும் முன் சரிபார்த்துவிடுங்கள், மேஸ்திரி பூசிய பிறகு திருப்ப முடியாது. ஸ்டிக்குக்குக் கரண்டை அதன் சொந்த அடாப்டரிலிருந்தே கொடுங்கள். புரொஜெக்டரின் யுஎஸ்பி துளை பல சமயம் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் நடுவில் அணைந்து அணைந்து எரியும்.

கடைக்குப் போகும்போது

கடையில் ஓட்டும் டெமோ வீடியோ நகரும் மேகம், மெல்ல விரியும் பூ என்று அதற்காகவே தயாரிக்கப்பட்டது. பிட்ரேட்டும் மிக அதிகம். அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் எதை மாட்டப் போகிறீர்களோ அதே ஸ்டிக்கைக் கையோடு எடுத்துப் போங்கள், உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை ஓட்டச் சொல்லுங்கள். தோப்பும் தண்ணீரும் வரும் காட்சி ஒன்று, ராத்திரிக் காட்சி ஒன்று. கூடவே ஒரு பென் டிரைவில் உங்கள் போனில் எடுத்த தென்னை மரம் ஆடும் வீடியோவைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்கும் அசல் கோப்பின் பிட்ரேட் ஓடிடியைவிட அதிகம். அந்த வீடியோவில் ஓலை தெளிவாகவும் ஸ்டிக்கில் கரைந்தும் தெரிந்தால் குறை இணையத்திலோ பிளானிலோ இருக்கிறது. இரண்டிலும் கரைந்தால் லென்ஸின் ஃபோகஸைத் திருத்தச் சொல்லி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள். கடை விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், வெளிச்சத்தில் ராத்திரிக் காட்சியின் பட்டைகள் கண்ணில் படாது.